பட்டன் போனும் குனியாத தலையும்

என் போனைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?" வீட்டுக்குள் செத்த எலியை அப்புறப்படுத்தாமல் வைத்திருப்பவளைக் கேட்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்கிறார்கள். ஆமாம், வைத்திருக்கிறேன். இனியும் வைத்திருப்பேன். மேல்பாதி சின்னத் திரையும் கீழ்ப்பாதி முழுக்க ஆங்கில எழுத்துப் பொத்தான்களுமாக இருக்கும் இந்த போனுக்கு ஊரப்பாக்கத்தில் எங்கள் தெரு வைத்திருக்கும் பெயர் பட்டன் போன். பேசுவதற்கு மட்டும் உதவும் மலிவான போனுக்கும் அங்கே அதே பெயர்தான். இது ஸ்மார்ட்போன், இதிலும் இன்டர்நெட் வரும், மேப் வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அதை நிறுத்திவிட்டேன்.

பேசுவதற்கு மட்டும் உதவும் போனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்குப் பேச்சு வராது.

பிறவியிலேயே அப்படி இல்லை. நாற்பது வயதுவரை தெருமுனைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தேன். கழுத்தில் தைராய்டு கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. குரல் நரம்பு சோர்ந்திருக்கிறது, சில மாதங்களில் திரும்பிவிடும் என்றார் டாக்டர். திரும்பவில்லை. மிஞ்சியது வெறும் காற்று. வாயருகே காதைக் கொண்டுவந்து வைத்தால் நான் சொல்வது கேட்கும். அப்படிக் காதைக் கொண்டுவந்து வைக்கிற பொறுமை கல்யாணமாகி இருபது வருஷம் ஆன புருஷனுக்கு இருக்காது. மற்றவர்களுக்கு அது முறையும் ஆகாது.

ஆகவே எழுதிக் காட்ட ஆரம்பித்தேன். முதலில் எல்லோரையும்போல் கண்ணாடி போனில்தான். திரையில் விரல் படுகிற இடம் ஒன்று, விழுகிற எழுத்து இன்னொன்று. நான் ஒரு வரி எழுதி நிமிர்வதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். கத்தரிக்காய் விலைக்கு நான் சொல்லும் பதிலை அடுத்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சின் நடுவே காட்டுவேன். எல்லோரும் பாவமாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

எங்கள் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்க்கும் சார் ஒருவர் தன்னுடைய கீபோர்டு போனை விற்கப்போவதாகச் சொன்னார். கையில் வாங்கிப் பார்த்தேன். எழுத்துகள் இருந்த வரிசை எனக்குப் பழகிய வரிசை. பிளஸ் டூ முடித்த பிறகு தாம்பரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் ஹையர் பாஸ் பண்ணியவள் நான். அங்கே கீழே பார்த்துத் தட்டினால் மாஸ்டர் ஸ்கேலை எடுத்து மேஜையில் ஓங்கித் தட்டுவார். "குனியாதே" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை. பத்து விரலின் வேலையை இரண்டு கட்டைவிரல் கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின. அதன்பிறகு போனைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஒவ்வொரு பொத்தானும் விரலுக்குத் தனித்தனியாகத் தெரியும். ஆங்கில எழுத்தில் தட்டினால் அது தமிழாக மாறிக்கொள்ளும். நான் எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் எழுதுவேன்.

இதன் அருமை குரல் உள்ளவர்களுக்குப் புரியாது. சண்டை போடுவதென்றால் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து எங்கள் தெருவுக்கு வரும் ஷேர் ஆட்டோக்காரர் ஒருநாள் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டார்.

"இங்கயே எறங்கிக்கோக்கா. உள்ள ரோடு தோண்டிப் போட்டுகிறாங்க, வண்டி போவாது."

நான் இறங்கவில்லை. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே தட்டினேன். காலையில் இதே வழியில்தான் வந்தேன், ரோட்டை யாரும் தோண்டவில்லை, வண்டியை எடுங்கள் என்று எழுதித் திருப்பிக் காட்டினேன். அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாக்கா நீ, மொறச்சிக்கினே டைப் பண்ற. பேஜாரா கீது" என்றபடி வண்டியைக் கிளப்பினார். அந்தப் பாராட்டை இன்றுவரை நான் மறக்கவில்லை.

திருமுடிவாக்கத்தில் நான் வேலை பார்க்கும் இடம் கார்களுக்கான தகட்டுப் பாகங்கள் அடிக்கும் பிரஸ் ஷாப். காலையில் தாம்பரம் வரை ரயில், அங்கிருந்து கம்பெனி வேன். சரக்கு அனுப்பும் பிரிவு என் பொறுப்பு. பெரிய பிரஸ்கள் ஓடத் தொடங்கினால் அங்கே குரல் உள்ளவர்களுக்கும் குரல் கிடையாது. எல்லோரும் கையைக் காட்டுவார்கள், தோளைத் தொட்டுத் திருப்புவார்கள், கிட்டே வந்து கத்துவார்கள். கத்துவதும் பாதி கேட்காது. நான் மட்டும் அமைதியாக எழுதிக் காட்டுவேன். நான் சொல்வது முழுசாகப் போய்ச் சேரும். லாரிக்காரர் கதவருகே நின்று "லோடு ரெடியாயிடுச்சாக்கா?" என்று வாயசைப்பார். நான் போனைத் தூக்கிக் காட்டுவேன். கையில் எண்ணெய் இருந்தாலும் காட்டன் கிளவுஸ் போட்டிருந்தாலும் பொத்தான் கேட்கும். கண்ணாடி கேட்காது. ஆபரேஷனுக்குப் பிறகு நான் குறைப்பட்டவளாக உணராத ஒரே இடம் அந்தச் சத்தம்தான். இதை நான் ஒளிக்க வேண்டியதில்லை. அந்த வேலை எனக்கு உயிர்.

போனில் குறையே இல்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. திரை தபால்தலை அளவு. கல்யாண போட்டோ அனுப்பினால் மாப்பிள்ளை எது, மேடை அலங்காரம் எது என்று தெரியாது. கனம் வேறு. ஸ்பேஸ் பொத்தானில் தூசியும் எண்ணெயும் சேர்ந்து அடிக்கடி மாட்டிக்கொள்ளும், வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். இதைச் செய்த கம்பெனி இந்த மாதிரி போன் செய்வதையே விட்டுவிட்டது. ஸ்கேன் செய்து பணம் கட்டும் ஆப், இந்த போனில் இனி வேலை செய்ய மாட்டேன் என்று ஒருநாள் அறிவித்துவிட்டது. காய்கறிக் கடையில் நான் நோட்டை நீட்டினால் சில்லறை தேடுவதற்குள் அந்தம்மா பெருமூச்சு விடுகிறார். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ரிப்பேர் கடையில், "இதுக்கு ஸ்பேர் வராதுக்கா, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க" என்றார்கள். அத்தனையும் உண்மை. அத்தனையையும் தாங்கிக்கொண்டுதான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு வசதியும் இதில் உண்டு. எழுதியதை போனே வாய்விட்டுப் படிக்கும். ஒருமுறை வீட்டில் போட்டுக் காட்டினேன். வந்தது ஸ்டேஷனில் ரயில் அறிவிக்கும் அம்மாவின் குரலேதான். 'சாப்பிட வாருங்கள்' என்று அது சொன்னதும் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எந்த பிளாட்பாரத்துலன்னு கேளு" என்றார். அதோடு அந்த வசதியை மூட்டை கட்டிவிட்டேன்.

எங்கள் கல்யாண நாளன்று புது போன் வந்தது. கொண்டுவந்தவன் என் நாத்தனார் பையன். நாத்தனார் என் கணவருக்கு அக்கா. மகன், மருமகள், பேரக் குழந்தையோடு நாவலூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். மகனும் மருமகளும் ஐடி. பையன் நல்லவன், என் மேல் பிரியம் உள்ளவன். பழைய போனிலிருந்த எல்லாவற்றையும் அவனே உட்கார்ந்து புதியதற்கு மாற்றிக் கொடுத்தான்.

"இனிமே கஷ்டமே இல்ல அத்தை. நீங்க பாதி வார்த்தை எழுதுனா மீதிய அதுவே எழுதிக்கும்."

போன் அழகாகத்தான் இருந்தது. போட்டோவில் மாப்பிள்ளை தெரிந்தார். காய்கறிக் கடையில் பெருமூச்சு நின்றது. அவன் ஆசையாகக் கொடுத்ததை ஒதுக்க மனம் வராமல் நானும் பழையதைத் துணியில் சுற்றி பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். மறுபடியும் குனிய ஆரம்பித்தேன். கண்ணாடியில் எந்த எழுத்து எங்கே என்று விரலுக்குத் தெரியாது, கண்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாவலூருக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். போனதும் சமையலறையில் மருமகளுக்கு ஒத்தாசையாக நின்றேன். அந்தப் பெண்ணின் பிரசவ லீவு முடியப்போகிறது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"என் ஆபீஸ் பில்டிங்லயே குழந்தைங்கள பார்த்துக்கற ஒரு கிரெச் இருக்கு ஆன்ட்டி. நடுவுல போய்க் குழந்தையைப் பார்த்துட்டு வரலாம். எனக்கு அதான் சரின்னு படுது. அத்தைக்குப் பிடிக்கல."

நீ அவரிடம் அழுத்திச் சொன்னாயா என்று எழுதிக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தோம். நாத்தனார் கேசரிக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். எனக்கு அவர் அண்ணி. அவர் பேசினால் என் கணவர் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

"குழந்தைய கண்டவங்க கையில குடுக்க முடியாது. எனக்கோ முட்டி வலி, தூக்க முடியல. நம்ம வீட்ல ஆள் இருக்கும்போது நாம ஏன் வெளிய தேடணும்? நீ அந்தக் கம்பெனிக்குப் போய் என்னத்தப் பண்ற? பாவம், வாயும் இல்ல. அந்தச் சத்தத்துல கெடந்து ஏன் அல்லாடணும்? வேலைய விட்டுட்டு இங்க வந்துடு. வாரத்துக்கு அஞ்சு நாள் இங்க, சனி ஞாயிறு உன் வீட்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில்லாதவள் என்பதால் வேலைக்கு லாயக்கில்லையாம், குழந்தை பார்க்க லாயக்காம். கட்டிலிலிருந்து குழந்தை உருண்டால் அடுத்த அறைக்கு நான் எப்படிக் குரல் கொடுப்பேன்? தாலாட்டை எழுதியா காட்டுவேன்? புது போனை எடுத்து வேகமாக எழுத ஆரம்பித்தேன். 'முடியாது' என்று நான் ஆரம்பித்தால் அது 'முடியும்' என்று முடித்து வைத்தது. அழித்தேன். மறுபடி எழுதினேன். அவசரத்தில் பக்கத்து எழுத்து விழுந்தது, அதையும் அழித்தேன். 'முடியாது அண்ணி, நான் வேலையை' என்பதுவரை வந்திருந்தேன். அதுவரை தலையே நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது வாயருகே ஸ்பூன் நின்றது. என்னவென்று உணர்வதற்குள் கேசரி உள்ளே போய்விட்டது.

"அவ எப்பவும் தங்கம்தான். ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னாளா பாரு" என்றார் நாத்தனார். பையன் எழுந்து வந்து "தேங்க்ஸ் அத்தை" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். மருமகள் மடியிலிருந்த குழந்தையின் மேல் குனிந்தபடியே இருந்தாள். நாத்தனார் அதற்குள் சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேசரியை விழுங்கிவிட்டு, பாதி எழுதியதை என் கணவரிடம் காட்டினேன். படித்தார். திரையைக் கவிழ்த்து என் மடியிலேயே வைத்தார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார். கொஞ்சம் முன்னால் காட்டியிருந்தால் அது பதில். இனிமேல் காட்டினால் அது சண்டை. இரண்டுக்கும் நடுவே இருந்தது ஒரு ஸ்பூன் கேசரிதான்.

கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் வந்து வீடு சேரும்வரை பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகை முறைத்துக்கொண்டே வந்தேன். ஓடுகிற பைக்கில் என் காற்றுக் குரல் யாருக்குக் கேட்கும்? வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் காதருகே போய், என்னை ஏன் யாரும் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டாங்களே. நீ ஒண்ணும் சொல்லல. தலைய குனிஞ்சிட்டு இருந்த. யாரா இருந்தாலும் சரின்னுதானே எடுத்துப்பாங்க?"

எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன்.

"அது எப்படித் தெரியும்? இப்போ யாரப் பார்த்தாலும் போனைப் பார்த்துக் குனிஞ்சுதான் இருக்காங்க."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவர்கள் வீட்டார் என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் நான் தலை குனிந்துதான் உட்கார்ந்திருந்தேன். அன்றும் இதே நாத்தனார்தான் என் வாயில் இனிப்பைப் போட்டுச் சம்மதம் என்று அறிவித்தார். அன்று எனக்கு நிஜமாகவே சம்மதம், அதனால் வம்பு இல்லை. அன்றிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு என் உச்சந்தலையைப் பார்த்தாலே சரி என்று தோன்றுகிறது போலிருக்கிறது.

அப்போதே பீரோவைத் திறந்தேன். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிப் புது போனின் சிம்மைக் குத்தி வெளியே எடுத்தேன். பழைய போனில் போட்டேன். மறுநாள் கம்பெனி முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து ஒவ்வொரு பொத்தானின் இடுக்கையும் துடைத்தேன். ஸ்பேஸ் பொத்தான் மட்டும் பாதிதான் வழிக்கு வந்தது. போகட்டும், என் கோபத்துக்கு இடைவெளி அவ்வளவு தேவையில்லை. புது போனை டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தேன். என் கணவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காபி கொடுத்தேன். நாத்தனாருக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நாளைக்கே கம்பெனியில சொல்லிடு. அப்போதான் அவங்களும் வேற ஆள் பார்த்துக்குவாங்க" என்றார்.

மடியில் இருந்த போனை எடுத்தேன். அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தட்ட ஆரம்பித்தேன். கட்டைவிரல்களின் கீழே பொத்தான்கள் டக் டக்கென்று சொல்லிக்கொண்டிருந்தன. அவர் காபி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்விட்டுக் குடிக்காமல் இறக்கினார்.

"என்ன, இப்படி மொறச்சுப் பார்க்குற?"

எழுதி முடித்துத் திரையைத் திருப்பினேன். அவர் பார்வையை வேறு பக்கம் கொண்டுபோனார்.

"நான் கண்ணாடி எடுத்துட்டு வரல. டேய், நீ படிச்சுச் சொல்லு."

போன் என் கணவர் கைக்குப் போனது. படித்தார். தொண்டையைச் செருமினார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்லக்கா. கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேங்கறா."

இருபது வருஷக் கல்யாணத்தில் அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. குரல் போன அன்றுகூட நான் அவ்வளவு ஊமையாக இல்லை. அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். சத்தத்தை முழுசாக ஏற்றி, படிக்கும் பொத்தானை அழுத்தினேன்.

ஸ்டேஷன் அம்மா நிதானமாக, திருத்தமாக, எல்லா அறைக்கும் கேட்கும்படி பேசினாள். "முடியாது அண்ணி. நான் வேலையை விட மாட்டேன். குழந்தைக்குக் கூப்பிட்டால் குரல் கொடுக்கிற ஆள் வேண்டும். எனக்கு என் வேலை வேண்டும்."

யாரும் சிரிக்கவில்லை. குழந்தை மட்டும் சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. நாத்தனாரின் முகம் சிவந்தது.

"அன்னைக்குச் சரின்னு தலையாட்டிட்டு இன்னைக்கு மெஷினை வெச்சு என்னை அவமானப்படுத்துறியா?"

இந்த முறையும் நான் குனியவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே தட்டினேன், அழுத்தினேன். "நான் தலையாட்டவில்லை. முடியாது என்று எழுதுவதற்காகக் குனிந்திருந்தேன். நீங்கள் காத்திருக்கவில்லை."

ஸ்பேஸ் பொத்தான் மாட்டிக்கொண்டதில் கடைசி வார்த்தைகள் ஒட்டிக்கொண்டு வந்தன. ஸ்டேஷன் அம்மா அவற்றை ஒரே மூச்சில் சொன்னாள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது. என் கணவர் தரையைப் பார்த்தார். "ஆமாக்கா. அவ அப்பவே எழுதிட்டுதான் இருந்தா. நான்தான் சொல்லல" என்றார்.

நாத்தனார் ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். அப்போதுதான் மருமகள் எழுந்து குழந்தையைத் தன் கணவன் மடியில் வைத்தாள். என் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"ஆன்ட்டி, அதை ஒரு நிமிஷம் குடுங்க."

அவள் குரலில் ஒரு குறையும் கிடையாது. ஆபீஸில் தினமும் பெரிய பெரிய மீட்டிங்கில் பேசுகிறவள். கொடுத்தேன். என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். பொத்தான்கள் அவளுக்குப் பழக்கமில்லை. தலையை நன்றாகக் குனிந்து, எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடித் தேடித் தட்டினாள். தப்பாக விழுந்ததை அழித்தாள். மறுபடியும் தேடினாள்.

"சரி, அவளுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, அப்போ நாம வேற யாரையாவது வீட்டோட வெச்சு..." என்று மருமகளின் குனிந்த தலையைப் பார்த்து நாத்தனார் ஆரம்பித்தார்.

"அம்மா, இரு" என்றான் பையன். "அவ எழுதிட்டிருக்கா."

நாத்தனார் வாயை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.